முடிஞ்சுது, தீர்ந்துது, ஆச்சு: கள்ளக்குறிச்சித் தமிழில் ஆங்கில நிறைவுச் சொற்கள்

ஃபினிஷ், கம்ப்ளீட், ஓவர், க்ளோஸ், செட்டில், ஃபுல், ஃபைனல். நிறைவையும் முடிவையும் குறிக்கும் இந்த ஏழு ஆங்கிலச் சொற்களும் கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் அன்றாடப் பேச்சில் புழங்குகின்றன. கரும்பு போட்டவருக்குப் பில் செட்டில் ஆகிறது. மரச்சிற்பப் பட்டறையில் ஃபினிஷிங் பற்றிப் பேச்சு நடக்கிறது. கல்வராயன் மலை ஏறும் பேருந்து ஃபுல் ஆகிறது. பெரும்பாலான இடங்களில் ஒன்று பொதுவாக இருக்கிறது: ஆங்கிலச் சொல்லை ஒட்டி ஒரு தமிழ் வினை வந்து நிற்கிறது. ‘வேலை கம்ப்ளீட்’ என்று யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. ‘கம்ப்ளீட் ஆயிடுச்சு’ என்பார்கள், அல்லது ‘கம்ப்ளீட் பண்ணிட்டேன்’ என்பார்கள். முடிவைச் சொல்ல வந்த சொல் தமிழில் தன் வாக்கியத்தையே தனியாக முடிக்க முடியாமல் துணை தேடுகிறது. இதற்குக் காரணம், இரண்டு மொழிகளும் நிறைவை வைத்திருக்கும் இடம் வெவ்வேறாக இருப்பதுதான்.

ஆங்கிலம் அதைப் பெரும்பாலும் தனிச் சொற்களில் வைத்திருக்கிறது. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரு பழைய படம் உறைந்திருக்கிறது. ‘ஃபினிஷ்’ லத்தீனின் ‘ஃபினிஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எல்லை என்பது அதன் பொருள். ‘டெர்மினேட்’, ‘டெர்மினஸ்’ ஆகியவையும் எல்லையைக் குறித்தவையே. ரோமானியர் எல்லைக்கல்லையே டெர்மினஸ் என்ற தெய்வமாக வணங்கினார்கள். ஊர் எல்லையில் சாமி வைத்துக் கும்பிடும் தமிழருக்கு இது விளங்காத செய்தி அல்ல. ‘கன்க்ளூட்’, ‘க்ளோஸ்’ இரண்டும் கதவைச் சாத்துவதிலிருந்து பிறந்தவை. ‘செட்டில்’ என்பதன் பழைய பொருள் இருக்கை; அலைந்தது உட்கார்ந்துவிட்டால் விவகாரம் முடிந்தது. ‘பெர்ஃபெக்ட்’ என்பது கடைசிவரை செய்து முடித்தது என்ற பொருளில் தொடங்கி, பிறகு குறையில்லாதது என்று உயர்ந்தது.

‘கம்ப்ளீட்’ வேறு வகை. லத்தீனில் அது ‘நிரப்பப்பட்டது’. எல்லையைத் தொட்டதா என்று ‘ஃபினிஷ்’ பார்க்கிறது. பாத்திரம் நிறைந்ததா என்று ‘கம்ப்ளீட்’ பார்க்கிறது. ஆங்கிலம் பேசுவோர் இரண்டையும் பல இடங்களில் மாற்றி மாற்றிப் போட்டாலும், ஆளைப் பற்றிச் சொல்லும்போது இந்த வேறுபாடு வெளியே வந்துவிடும். ஒருவர் ‘கம்ப்ளீட்’ என்றால் அவருக்கு ஒரு குறையும் இல்லை. ‘ஃபினிஷ்டு’ என்றால் தொலைந்தார். கல்யாணத்தை வைத்து இந்த இரண்டு சொற்களையும் மோதவிடும் நகைச்சுவை உலகம் முழுக்கச் சுற்றுவது இதனால்தான்.

இங்கே தமிழ் வாசகருக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. ‘கம்ப்ளீட்’ என்பதற்குள் இருக்கும் ‘நிரப்பு’ என்ற வேரும், ஆங்கிலத்தின் ‘ஃபுல்’ என்ற சொல்லின் வேரும், சமஸ்கிருதத்தின் பூர்ண, பூர்த்தி ஆகியவற்றின் வேரும் ஒன்றே. மூன்றும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் பங்காளிகள். ‘விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்க’ என்ற அலுவலகத் தமிழும் ‘ஃபார்மைக் கம்ப்ளீட் பண்ணு’ என்ற இளைஞர் பேச்சும், ஒரே சொல் இரண்டு வழியாகச் சுற்றி வந்து தமிழில் சந்திப்பதைக் காட்டுகின்றன. தமிழின் சொந்தச் சொல்லான ‘நிறைவு’ இந்த வம்சத்தில் சேராதது. ஆனாலும் அதே படத்தைத் தானாகவே வரைந்திருக்கிறது. பாத்திரம் நிறைவதை வேலை முடிவதற்கு உவமையாக்க ஒரு மொழி மற்றொன்றிடம் கடன் வாங்க வேண்டியதில்லை போலிருக்கிறது.

தமிழில் நிறைவைச் சொல்லும் முதன்மையான வினைகள் முடி, முற்று, தீர், நிறை, ஆ, ஒழி என்பவை. இவற்றுள் ‘முடி’ தனியாகப் பேச வேண்டியது. முடிவது, முடிச்சுப் போடுவது, தலைமுடி, மலைமுடி, மன்னன் சூடும் முடி என எல்லாம் ஒரே வடிவில் நிற்கின்றன. பூவை முடிந்தால் கட்டு. கூந்தலை முடிந்தால் கொண்டை. ‘கல்யாணம் முடிஞ்சுது’ என்றால் முடிச்சும் விழுந்தது, வேலையும் ஓய்ந்தது. ஆங்கிலத்தில் சாதிப்பதைக் குறிக்கும் ‘அச்சீவ்’ இதற்கு மிக அருகில் வருகிறது. பழைய பிரெஞ்சில் ‘தலைக்கு வருதல்’ என்று இருந்த தொடர்தான் சுருங்கி அந்தச் சொல்லானது. செயல் தன் உச்சியை, தன் தலையை, எட்டுவதே அதன் முடிவு என்று இரண்டு மொழிகளும் கண்டிருக்கின்றன.

கள்ளக்குறிச்சி உள்ளிட்ட பழைய தென்னார்க்காட்டுச் சீமை திரௌபதி அம்மன் திருவிழாவுக்கும் பாரதக் கூத்துக்கும் பேர்போனது. பதினெட்டாம் போர், படுகளம், தீமிதி என்று வளர்ந்து செல்லும் அந்த விழா எதில் நிறைகிறது? தருமர் பட்டாபிஷேகத்தில். தருமர் தலையில் முடி ஏறினால் பாரதம் முடிந்தது. சொல்லும் சடங்கும் இப்படி ஒன்றின்மேல் ஒன்று படிவது திட்டமிட்டு நடந்ததல்ல என்றாலும், முடிவு என்பதை அழிவாகப் பார்க்காமல் உச்சமாகப் பார்க்கும் பழக்கம் இந்த மண்ணில் எவ்வளவு இயல்பானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

‘முடி’ செய்யும் இன்னொரு வேலையை ஆங்கிலத்தின் எந்த நிறைவுச் சொல்லும் செய்வதில்லை. ‘என்னால் முடியும்’ என்பது ஆற்றல். ‘முடியாது’ என்பது இயலாமை. குரல் சற்று உயர்ந்தால் மறுப்பு. உடம்புக்கு முடியவில்லை என்றால் நோய். ஆங்கிலத்தில் ‘கேன்’ என்ற துணைவினை அறிவோடு தொடர்புடையது. எப்படிச் செய்வது என்று தெரிந்தவனே செய்யக்கூடியவன் என்பது அதன் பழைய தர்க்கம். தமிழின் தர்க்கம் வேறு. ஒரு செயலைக் கடைசிவரை கொண்டுபோக வல்லவனுக்கே அது ‘முடியும்’. தொடங்குகிற ஆர்வமும் வழி தெரிந்திருப்பதும் இந்தக் கணக்கில் வரவே வராது. ஆங்கிலத்தில் ‘ஆர் யூ டன்?’ என்று ஆளையே எழுவாயாக்கிக் கேட்பார்கள். அதைத் தமிழில் ‘நீ முடிஞ்சியா?’ என்று கேட்டால் கேட்டவருக்கு அடி விழலாம். ‘உனக்கு முடிஞ்சுதா?’ என்றோ ‘முடிச்சிட்டியா?’ என்றோதான் கேட்க வேண்டும். ஆள் முடிவதில்லை, வேலைதான் முடிகிறது. ஆள் முடிந்தால் அது சாவு.

‘முற்று’ வயலிலிருந்து இலக்கணத்துக்குப் போன சொல். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள இரண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைகளைச் சுற்றிய கிராமங்களில் அதன் முதற்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு மாதத்தில் கரும்பு முற்றுகிறது; தண்டில் சர்க்கரை ஏறிவிட்டது என்று பொருள். முற்றாத கரும்பை வெட்டினால் சர்க்கரைக் கட்டுமானம் குறையும். முற்றியதை வெட்டாமல் விட்டால் பூத்து, சக்கை ஏறி, எடையும் சாறும் இறங்கும். ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வருவதற்காக உழவர் காத்திருப்பது இந்த இடைவெளியில்தான். ஆக, முற்றுதல் என்பது ஓய்ந்துபோவது அல்ல. அறுவடைக்குத் தகுதியான நிலை. வெட்டிய பிறகும் கதை முடிவதில்லை. அடிக்கட்டை துளிர்த்துக் கட்டைக் கரும்பாக மறுபடி எழும். (டன் என்று இந்த ஊரில் சொன்னால் எடைதான். முடிந்தது என்ற பொருளில் ஆங்கிலம் சொல்லும் ‘டன்’ தமிழில் வேர்விடாமல் போனதற்கு, அந்த ஒலி ஏற்கெனவே ஆயிரம் கிலோவுக்குப் பட்டா ஆகிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

இலக்கணிகள் இந்த முற்றையே எடுத்துக்கொண்டு, நிறைந்த வினைக்கு வினைமுற்று என்று பெயர் வைத்தார்கள். நிறையாததற்கு எச்சம் என்றார்கள். எச்சம் என்றால் மீதி. ‘வந்து’ என்று சொன்னால் இன்னும் ஏதோ மீதி இருக்கிறது. ‘வந்த’ என்றால் ஒரு பெயர் மீதி இருக்கிறது. ஆங்கில இலக்கணத்தில் ‘ஃபைனைட்’ என்று அழைக்கப்படும் வினையும் எல்லை என்ற அதே லத்தீன் சொல்லில் பிறந்ததுதான். ஆனால் அங்கே எல்லை என்பது எழுவாயின் ஆளும் எண்ணும் வினையைக் கட்டுப்படுத்துவது. தமிழில் கேள்வி எளிமையானது: கேட்பவன் காது நிறைந்ததா, இன்னும் எதிர்பார்க்கிறதா? இடைச்சொற்களிலும் இதே இணைதான். ‘மூன்று லாரி வந்தது’ என்றால் ஆலை முற்றத்தில் இன்னும் நாலைந்து வரலாம். ‘மூன்று லாரியும் வந்தது’ என்றால் இனி வர ஒன்றும் இல்லை, இது முற்றும்மை. ‘லாரியும் வந்தது’ என்றால் வேறு ஏதோ முன்பே வந்திருக்கிறது, இது எச்சவும்மை. ஒரே ‘உம்’ நிறைவையும் மீதியையும் சுமக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரமே ‘எச்சவியல்’ என்ற இயலோடுதான் முடிகிறது.

‘தீர்’ என்பதில் நிறைவும் காலியாவதும் ஒன்றாகிவிடுகின்றன. எண்ணெய் தீரும், கடன் தீரும், பசி தீரும், நோய் தீரும், வழக்கு தீரும். ஆங்கிலத்தில் உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஹீல்’ என்ற சொல் ‘ஹோல்’, அதாவது முழுமை, என்ற சொல்லின் உறவு, நோயாளி முழுமையாகிறார். தமிழில் நோயாளிக்கு எதுவும் கூடுவதில்லை, நோய்தான் தீர்ந்துபோகிறது. தீர்ப்பு, தீர்வு, தீர்மானம், நிலத்தீர்வை என்று நீதியும் வருவாயும் இந்த வினையையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டு ஜூன் 30இல் முடியும்; அதையொட்டி வட்டாட்சியர் அலுவலகங்களில் நடக்கும் ஜமாபந்திக்கு வருவாய்த் தீர்வாயம் என்று அரசு வைத்த தமிழ்ப்பெயர் மிகப் பொருத்தமானது. மனு கொடுக்க வருபவர்கள் இன்றும் ஜமாபந்தி என்றே சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

தமிழ் நிறைவின் உண்மையான பட்டறை துணைவினைகளில் இருக்கிறது. ‘வெட்டினான்’ என்பது நிகழ்ந்ததைச் சொல்கிறது. ‘வெட்டிவிட்டான்’, பேச்சில் ‘வெட்டிட்டான்’, என்பது முடிந்ததைச் சொல்கிறது. ‘வெட்டியாச்சு’ என்றால் எதிர்பார்த்த வேலை ஓய்ந்தது. யார் வெட்டினார் என்பதுகூட முக்கியமில்லை. ‘வெட்டித் தீர்த்தான்’ என்றால் ஒரு வெறி. ‘வெட்டிப் போட்டான்’ என்றால் கவலையில்லாமல். ‘வெட்டித் தொலைத்தான்’ என்றால் சொல்பவருக்கு எரிச்சல். ஆங்கிலம் இதில் ஒரு பகுதியை ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘த்ரூ’ போன்ற சிறு சொற்களால் செய்கிறது: சாப்பிடுவதற்குப் பின் ‘அப்’ சேர்த்தால் தட்டு காலி, விற்பதற்குப் பின் ‘அவுட்’ சேர்த்தால் கடையில் சரக்கு இல்லை. ஆனால் அந்தச் சிறு சொற்கள் திசையைக் காட்டப் பிறந்தவை. மேலே, வெளியே, ஊடே என்று பொருளின் போக்கைச் சொல்லும். தமிழின் துணைவினைகள் பேசுபவரின் மனநிலையையும் சேர்த்துச் சொல்கின்றன. இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட ஆய்வு நூலும், ஹெரால்ட் ஷிஃப்மன் 1999இல் வெளியிட்ட பேச்சுத்தமிழ் இலக்கணமும் இந்தத் துணைவினைகளுக்கு நிறையப் பக்கங்களை ஒதுக்கியிருப்பது சும்மா அல்ல.

துணைவினை இல்லாத இறந்தகாலம் எவ்வளவு நெகிழ்வானது என்பதை எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர் காட்டியிருக்கிறார். தேங்காயை உடைத்தேன், ஆனால் உடையவில்லை என்று தமிழில் சொல்லலாம் என்பது அவர் எடுத்துக்காட்டிய வாக்கியம். வீட்டுப் பேச்சில் இதற்குப் பஞ்சமே இல்லை. ‘எழுப்பினேன், எழுந்திருக்கல’, ‘அடுப்பை அணைச்சேன், அணையல’. இவற்றை அப்படியே ஆங்கிலமாக்கினால் முதற்பாதியும் மறுபாதியும் சண்டை போடும். ‘முயன்றேன்’ என்று ஒரு சொல்லைக் கூட்டினால்தான் அங்கே வாக்கியம் நிற்கும். தமிழ் ‘எழுப்பினேன்’ செய்தவரின் பங்கை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. எழுந்தது எழுந்தவரின் பங்கு. அதற்குத் தனி வினை உண்டு. கு. பரமசிவம் இயக்குவினை, இயங்குவினை என்று பிரித்த இணைகள் இவைதான்: உடைத்தது, உடைந்தது, திருத்தினார், திருந்தினார், முடித்தார், முடிந்தது. ஆனால் ‘எழுப்பிட்டேன்’ என்று ஒரு ‘விடு’ சேர்ந்துவிட்டால் பிறகு ‘எழுந்திருக்கல’ என்று சொல்வது கடினம். செயலைப் பலனோடு சேர்த்துப் பூட்டும் தாழ்ப்பாள் அந்த ‘விடு’.

கால அளவைச் சேர்த்துப் பார்த்தாலும் இது தெரியும். 1957இல் ஸெனோ வெண்ட்லர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, முடிவுப்புள்ளி உள்ள செயலையும் இல்லாத செயலையும் ஆங்கிலக் கால அளவுத் தொடர்களால் பிரித்துக் காட்டியது. தமிழில் ‘ஒரு மணி நேரம் வெட்டினான்’ என்பது நேராக நிற்கிறது. ‘ஒரு மணி நேரத்தில் வெட்டினான்’ என்பது சற்றுத் தள்ளாடுகிறது. ‘ஒரு மணி நேரத்தில் வெட்டிட்டான்’ என்றால் கால் ஊன்றிவிடுகிறது.

வந்தேறிய ஆங்கிலச் சொற்களின் நிலைமை இப்போது விளங்கும். நிறைவு என்ற வேலையைத் துணைவினை வைத்திருக்கும் மொழியில், ‘கம்ப்ளீட்’டும் ‘ஃபினிஷ்’ஷும் வெறும் பெயர்களாகவே நுழைய முடிந்தது. ‘ஃபினிஷ் பண்ணினான்’ என்றால்கூட முடிந்ததா என்ற ஐயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது; ‘ஃபினிஷ் பண்ணிட்டான்’ என்றால்தான் முடிந்தது. முடிவைக் குறிக்கும் சொல்லுக்கே முடிவு சேர்க்க வேண்டியிருக்கிறது. தமிழர்கள் தேவையில்லாமல் இரட்டிப்பாகப் பேசுகிறார்கள் என்று பலர் குறைப்படுவதுண்டு. இலக்கணம் கேட்பதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள்.

வேலை பறிபோன இந்தச் சொற்கள் வேறு வேலைகளைத் தேடிக்கொண்டன. ‘கம்ப்ளீட்டா’ என்பது ‘முழுக்க’ என்ற அடையாகிவிட்டது: கம்ப்ளீட்டா மறந்துட்டேன். ‘ஓவர்’ ஆங்கிலத்தில் முடிந்ததையும் அளவு மீறியதையும் குறிக்கும். தமிழ் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொண்டது. ‘ஓவரா பேசாதே’ என்பதில் முடிவு எங்கே? பரீட்சை ஓவர் என்பது மாணவர் பேச்சில் மிஞ்சியிருக்கிறது, கிரிக்கெட்டில் ஆறு பந்துக்கு ஒரு முறை வருகிறது. ‘க்ளோஸ்’, ‘ஃபினிஷ்’ இரண்டும் ஆளைப் பற்றிச் சொல்லும்போது மிரட்டலாகிவிட்டன. இதே இருக்கையில் முன்பே உட்கார்ந்திருந்தது ‘காலி’. அரபியில் வெறுமையைக் குறித்து உருது வழியாக வந்த சொல். ‘ஃபுல்’ பேருந்துக்கும் பாத்திரத்துக்கும் உரியது. பேருந்தைப் பற்றிப் பேசும்போது ‘ரைட்’ என்ற சொல்லையும் விட்டுவிட முடியாது. ஏறுவோர் ஏறி, இறங்குவோர் இறங்கி, நிறுத்தத்தின் வேலை முடிந்தது என்பதைக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை நடத்துநர்கள் இந்த ஒரு சொல்லால் அறிவிக்கிறார்கள். எந்த ஆங்கில அகராதியும் தராத பொருள் இது, துணைவினை கேட்காமல் தனியாக நிற்கும் சொல்லும்கூட. வாக்கியமாக இல்லாமல் விசில் போல ஒலிப்பதால் இலக்கணம் அதைத் தொடுவதில்லை.

‘ஃபினிஷிங்’ மட்டும் உண்மையாகவே புதிய இடம் ஒன்றைப் பிடித்தது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம், கோயில் தேர்களுக்கும் வீட்டுக் கதவுகளுக்கும் சாமி உருவங்களுக்கும் பேர்பெற்றது. உளி வேலை ஓய்ந்தபின் தேய்ப்பதும் மெருகேற்றுவதும் நுணுக்கம் பார்ப்பதும் தனிக் கட்டம். ‘முடிவு’ என்று அதைச் சொன்னால் வேலை நின்றுபோனது போல ஒலிக்கும். ‘மெருகு’ என்றால் பளபளப்பு மட்டும் தெரியும். பொருளின் கடைசித் தரத்தைக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது, ‘ஃபினிஷிங்’ வந்து அமர்ந்தது. ‘ஃபினிஷிங் பத்தல’ என்றால் சிலை முடிந்துவிட்டது, ஆனால் நிறையவில்லை. ஆங்கிலத்தில் எல்லை என்று பிறந்த சொல் இங்கே நிறைவின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்தபதிகளின் மரபில் இதற்கெல்லாம் மேலே ஒரு நிறைவு இருக்கிறது. கண் திறப்பதுதான் அது. மற்ற எல்லா உறுப்பும் முடிந்த சிலையும் அதுவரை சிலைதான், சாமி அல்ல.

அலுவலகத்தில் நிறைவு வேறு முகம் காட்டுகிறது. 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய கள்ளக்குறிச்சிக்குக் கோப்புகளும் பிரிந்து வந்தன. நடக்கும் கோப்புக்கு ந.க. எண், அதாவது நடப்புக் கணக்கு. முடிந்த கோப்புக்கு ஓ.மு., மூ.மு., ப.மு. என்று குறிகள்: ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. இந்த எண்கள் வேலை எத்தனை நாளில் முடிந்தது என்பதைச் சொல்பவை அல்ல. முடிந்தபின் தாளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்பவை. ஆங்கில ஆட்சி விட்டுச்சென்ற ‘டிஸ்போசல்’ என்ற சொல்லுக்கு, அப்புறப்படுத்துதல் என்று மொழிபெயர்க்காமல் முடிவு என்று வைத்ததால், முடிவுக்கே ஆயுள் கணக்கு வந்துவிட்டது. மனு போட்டவர் ‘முடிஞ்சுதா சார்?’ என்று கேட்பதும், எழுத்தர் ‘முடிஞ்சுது’ என்று சொல்வதும் பல நேரங்களில் ஒரே வினையின் இரண்டு பொருள்கள். அவருக்குப் பட்டா கிடைக்க வேண்டும். இவருக்குக் கோப்பு மூடினால் போதும்.

மலைக்கு வந்தால் இந்த இடைவெளி வரலாறாகவே கிடக்கிறது. கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மக்கள் நெடுங்காலம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் ஆகிய மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தவர்கள். ஜாகீர்தாருக்கு வரியும் கட்டி, கூலியில்லாத வேலையும் செய்தவர்கள். 1948இல் சென்னை மாகாணம் ஜமீன் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தபோதும் மலையில் ஜாகீர் நீடித்தது. 1976இல்தான் அரசு அதை எடுத்துக்கொண்டது. நாடு தழுவிய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் அதே ஆண்டைச் சேர்ந்தது. ஆனால் மலை மக்கள் வாக்குரிமை பெற்றது 1996இல்தான். இருபது ஆண்டு இடைவெளி. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இம்மக்களின் வாழ்க்கை நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கை எடுத்தபோது, சாலை, மருத்துவம், பள்ளி, வேலை என்று அடிப்படை வசதிகளே பேசுபொருளாயின.

ஆங்கிலச் சட்டத் தலைப்பில் ‘அபாலிஷன்’ என்று இருப்பது ஒரு நிகழ்வு. அரசிதழில் தேதி போட்டால் அது நடந்தாயிற்று. தமிழில் ‘ஒழித்தார்கள்’ என்பதும் ‘ஒழிந்தது’ என்பதும் தனித்தனி வினைகள். ஒழித்தார்கள், ஒழியவில்லை என்ற வாக்கியம், தேங்காயை உடைத்தேன் உடையவில்லை என்பதுபோலவே, இலக்கணப் பிழை இல்லாமல் நிற்கும். அரசின் தமிழ் இதை உணர்ந்தோ உணராமலோ ‘ஒழிக்கப்பட்டது’, ‘நிறைவேற்றப்பட்டது’ என்று பெரும்பாலும் செயப்பாட்டிலேயே எழுதுகிறது. பேருந்து நிலையத்திலோ சந்தையிலோ அப்படி யாரும் பேசுவதில்லை; ரோடு போட்டாச்சா, இல்லையா என்றுதான் கேட்பார்கள். செயப்பாட்டு வினை அரசின் பங்கை மட்டும் சொல்கிறது. ‘ஆச்சு’ பலனைக் கேட்கிறது.

தமிழ் முடிவைச் சொல்லத் தயங்கும் இடங்களும் உண்டு. விளக்கை அணைக்கச் சொல்லமாட்டார்கள். குளிரவை என்பார்கள், மலையேற்று என்பார்கள். இறந்தவர் இயற்கை எய்தினார். இலக்கணம் இதைத் தகுதி வழக்கில் மங்கலம் என்று வகைப்படுத்தியிருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்புபவர் ‘போறேன்’ என்று சொன்னால் உள்ளிருந்து அதட்டல் வரும். ‘போயிட்டு வரேன்’ என்றே சொல்ல வேண்டும். போவது ‘விடு’ போட்டு முடிக்கப்படுகிறது, வருவது வாக்கியத்தின் முற்றாக நிற்கிறது. ஆங்கிலத்தின் ‘ஐ ஆம் ஆஃப்’ என்பதைத் தமிழாக்குவோர் இந்த வாசலில் தடுமாறத்தான் வேண்டும்.

ஆங்கில-தமிழ் அகராதிகள் ‘கம்ப்ளீட்’ என்ற பதிவின் கீழ் முழுமையான, நிறைவான, பூர்த்தியான என்று அடுக்குவதும், ‘ஃபினிஷ்’ என்பதன் கீழ் முடி, முடிவு, நிறைவு செய் என்று அடுக்குவதும் வழக்கம். தவறு என்று சொல்ல முடியாது; ஆனால் மொழிபெயர்ப்பாளருக்கு உண்மையில் தேவைப்படும் விடு, ஆயிற்று, தீர், போடு ஆகியவை அங்கே பெரும்பாலும் இல்லை. அவை தமிழ்-தமிழ் அகராதியில், வேறு எழுத்தின் கீழ், துணைவினை என்ற குறிப்போடு கிடக்கின்றன. அடுத்த பதிப்பைக் கொண்டுவருவோர் ‘ஃபினிஷ்’, ‘டன்’, ‘ஓவர்’, ‘அப்’ ஆகிய பதிவுகளில் இணைச்சொற்களோடு நாலைந்து முழு வாக்கியங்களையும், அவற்றில் வேலை செய்யும் துணைவினையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.